பெட்டியின் அடியில் நான்கு எழுத்து

காஞ்சிபுரம் மாவட்டத்துத் தாமலில், என் தாய்வழிப் பாட்டனார் இல்லத்து அலமாரியில் ஒரு மரப்பெட்டி உண்டு. நிலப் பத்திரங்களும், நிக்காஹ் பதிவின் நகல்களும், பழைய தஸ்பீஹ் ஒன்றும் அதில் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் இன்றும் மெல்லிய மணம் வரும். “நன்னா ரங்கூனிலிருந்து கொண்டுவந்த சுருட்டுப்பெட்டி” என்று கேட்டே நாங்கள் வளர்ந்தோம். 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது, காடும் மலையும் கடந்து அஸ்ஸாம் வழியே தாயகம் திரும்பிய எண்ணற்ற தமிழருள் அவரும் ஒருவர். அத்தனை துன்பத்திலும் அவர் கைவிடாத பெட்டி என்பதால் அதற்கு வீட்டில் தனி மதிப்பு.

அண்மையில் பத்திரங்களைச் சரிபார்க்கும்பொழுது பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் எழுத்துகள் இருந்தன. அவற்றைப் படித்த கதையையே வாசக அன்பர்களுக்குச் சொல்ல விழைகின்றேன். புகையிலையின் கேடு யாவரும் அறிந்ததே. ஈண்டு நம் பொருள் பெட்டி மட்டுமே.

சுருட்டு நமக்குப் புதிய பண்டமன்று. திருச்சிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் கடல் கடந்து பெயர் பெற்றவை. ஸ்பென்சர் நிறுவனம் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே நடத்திற்று. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், தரையில் கிடந்த சாம்பலைக் கொண்டே அது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கின்றார். எம் பெட்டியோ இந்நாட்டினதும் அன்று, பர்மியரதும் அன்று. “எச்சோ என் கூபா” என்று அடியில் சுட்டுப் பொறித்திருந்தது. கியூபாவில் செய்யப்பட்டது என்பது அந்த ஸ்பானியத் தொடரின் பொருள்.

இங்கேதான் முதல் ஐயம் எழுந்தது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகள் 1960இல் அரசுடைமையாயின. அதற்கு முந்திய பெட்டிகளில் ஆங்கிலத்திலேயே பொறிப்பது வழக்கம். ஸ்பானியத் தொடர் 1961ஐ ஒட்டியே இடம்பெற்றது. அதனருகே “தொதால்மெந்தே அ மானோ”, அதாவது முழுவதும் கையால் செய்தது, என்ற தொடரும் இருந்தது. அதைச் சேர்த்தது 1989இல். 1942இல் ரங்கூனை விட்டு நடந்தவர் இப்பெட்டியைச் சுமந்திருக்க இயலாது.

பொறிப்பின் கீழே மையால் குத்திய இரு முத்திரைகள். ஒன்று “ஜே எம்”. மற்றொன்று “ஓ எல் எஸ் ஐ”. முன்னது தொழிற்சாலையின் குறி. புரட்சிக்குப்பின் ஹோசே மார்த்தி என்று பெயர் மாற்றப்பட்ட பழைய உப்மன் தொழிற்சாலையை அது குறிக்கும். பின்னது காலக்குறி. 1985 முதல் அந்நாட்டார் “நிவெலாகூசோ” என்ற பத்தெழுத்துச் சொல்லைத் திறவுகோலாகக் கொண்டனர். அதில் எந்த எழுத்தும் இருமுறை வாராது. என், ஐ, வி, இ, எல், ஏ, சி, யூ, எஸ் என்பவை முறையே 1 முதல் 9 வரை. இறுதி ஓ என்பது 0. முதலிரண்டு எழுத்து மாதம். அடுத்த இரண்டு ஆண்டு.

நம்மவர்க்கு இம்முறை வியப்பூட்டாது. அலிஃபுக்கு 1, பேக்கு 2, ஜீமுக்கு 3 என எண்ணும் அப்ஜத் கணக்கை அறிந்தவர்கள் நாம். பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளைக் கூட்டி 786 என்று எழுதுவதும், கல்லறைக் கவிதைகளில் மறைந்த ஆண்டை எழுத்துக்குள் பொதிவதும் இக்கணக்கினாலேயே. திப்பு சுல்தானின் இறுதி ஆண்டுச் செப்புக் காசுகளில் அலிஃப், பே, தே, ஸே என ஆண்டுக்கு ஓர் எழுத்து பொறித்திருப்பதும் நினைவுகூரத்தக்கது.

எம் பெட்டியின் எழுத்துகளை அவ்வாறே எண்ணாக்கினேன். ஓ 0, எல் 5. எஸ் 9, ஐ 2. 1992, மே மாதம். அது சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்த காலமே. இலை விளைந்த காலமன்று. 1994இல் வந்த “ஹபானோஸ்” என்ற மூலை ஒட்டுத்தாள் இப்பெட்டியில் இல்லாததும் இதற்குப் பொருந்துகின்றது. இத்திறவுகோல் 1990களின் இறுதியில் கைவிடப்பட்டது. 2000 முதல் மாதத்தின் சுருக்கத்தையும் ஆண்டையும் வெளிப்படையாகவே குத்துகின்றனர். மறைவாக இருப்பது தொழிற்சாலைக் குறி மட்டுமே.

ஆண்டைச் சொன்னதும் என் அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் இது மாமு கொண்டுவந்ததுதான்” என்றார். அவர் தம்பி வளைகுடாவில் ஒரு விடுதியில் பதினோரு ஆண்டு பணியாற்றியவர். விருந்தினர் விட்டுச்சென்ற காலிப்பெட்டியில் பேரீச்சம்பழம் நிரப்பி, 1993இல் இளைய சகோதரியின் நிக்காஹ்வுக்கு வந்தபோது கொணர்ந்தாராம். அந்த நிக்காஹ்வின் செலவு முழுவதும் அவருடையது. அவர் மறைந்து பல்லாண்டு ஆகிவிட்டது. ரங்கூன் நடை ஊரறிந்த பெருங்கதை; விடுதியில் பாத்திரம் கழுவிய உழைப்புக்குக் கதை சொல்வார் இல்லை. ஆகவே இவருடைய பெட்டியும் மெல்ல மெல்ல அவருடையதாகிவிட்டது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை.

நன்னாவின் பெருமை இதனால் குறைந்துவிடவில்லை. அவர் நடந்தது மெய். ஆனால் ஒருவர்க்குரியதை மற்றொருவர் பெயரில் வைத்திருப்பது, அன்பினால் நேர்ந்ததாயினும், திருத்தத்தக்கதே. மூடியின் உட்புறத்தில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கின்றோம். அதில் மாமுவின் பெயரும், 1993 என்ற ஆண்டும், அவர் எதற்காகக் கொணர்ந்தார் என்பதும் தெளிந்த தமிழில் உள்ளன.

உங்கள் இல்லத்துப் பழம்பொருள்களையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். கொணர்ந்தவரை அறிந்தோர் இருக்கும்போதே பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.