பணயத் தீநிரல்

பணயத் தீநிரல் அல்லது ரேன்சம்வேர் என்பது ஒருவரது கணினிக்குள் புகுந்து, கோப்புகளை மறைகுறியாக்கம் செய்தோ திரையைப் பூட்டியோ வைத்துக்கொண்டு, விடுவிக்கப் பணம் கேட்கும் நிரல் வகை. வைரஸ், புழு, ட்ரோஜன் என்னும் பழைய பாகுபாடு ஒரு நிரல் பரவும் விதத்தை வைத்துச் செய்யப்பட்டது. பணயத் தீநிரலோ அதன் செயலால் அடையாளம் காணப்படுவது. எனவே அது ட்ரோஜனாகவும் வரலாம், புழுவாகவும் பரவலாம். தீநிரலைக் கணினியிலிருந்து நீக்குவதும், அது பூட்டிய கோப்புகளை மீட்பதும் வெவ்வேறு வேலைகள். முதலாவது பெரும்பாலும் எளிது. இரண்டாவது பூட்டியவரிடம் இருக்கும் சாவியையும், பறிகொடுத்தவரிடம் இருக்கும் காப்புநகலையும் பொறுத்தது.

தோற்றம்

உலகின் முதல் பணயத் தீநிரல் 1989 டிசம்பரில் தபாலில் வந்தது. எய்ட்ஸ் ட்ரோஜன் எனப்படும் இந்நிரலைத் தாங்கிய சுமார் 20,000 நெகிழ்வட்டுகள் பல நாடுகளுக்கு அனுப்பப்பட்டன. ‘பிசி பிசினஸ் வேர்ல்ட்’ இதழின் சந்தாதாரர்களும், உலகச் சுகாதார நிறுவனத்தின் எய்ட்ஸ் மாநாட்டுக்குச் சென்றிருந்தவர்களும் அவற்றைப் பெற்றனர். வட்டில் எய்ட்ஸ் பற்றிய தகவல்களும், ஒருவருக்கு அந்நோய் வரும் வாய்ப்பைக் கேள்விகள் கேட்டு மதிப்பிடும் நிரலும் இருந்தன. பணம் செலுத்தாமல் பயன்படுத்தினால் விளைவுகளைச் சந்திக்க நேரும் என்று உடன்வந்த உரிமத் தாளிலேயே பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. வாசித்தவர்கள் குறைவு.

நிறுவிய பின் நிரல், கணினி தொடங்கும்போது இயங்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பை மாற்றி, கணினி எத்தனை முறை இயக்கப்படுகிறது என்று எண்ணத் தொடங்கும். 90 முறை ஆனதும் சி வட்டிலுள்ள கோப்புறைகளை மறைத்து, கோப்புப் பெயர்களை உருத்தெரியாமல் மாற்றிவிடும். பிறகு அச்சுப்பொறியை இயக்கச் சொல்லி ஒரு கட்டணச் சீட்டை அச்சிடும். 365 முறை பயன்படுத்துவதற்கான உரிமத்துக்கு 189 டாலர், வன்வட்டின் ஆயுள் முழுவதற்குமான உரிமத்துக்கு 378 டாலர் என்று கேட்ட அச்சீட்டில், பிசி சைபார்க் கார்ப்பரேஷன் என்ற பெயரும் பனாமா நாட்டு அஞ்சல்பெட்டி முகவரியும் இருந்தன.

மிரட்டல் பெரிதாக இருந்தாலும் பூட்டு பலவீனமானது. கோப்புகளின் உள்ளடக்கத்தை நிரல் தொடவேயில்லை. பெயர்களை மட்டும் ஓர் அட்டவணைப்படி மாற்றியது. மாற்றவும் மீட்கவும் ஒரே அட்டவணை போதும், அதுவும் நிரலுக்குள்ளேயே இருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த ஜிம் பேட்ஸ் அதைப் பிரித்து ஆராய்ந்து, இரண்டு இலவச நிரல்களை எழுதினார்: ட்ரோஜனை நீக்க எய்ட்ஸ்அவுட், பெயர்களை மீட்கக் கிளியர்எய்ட். நீக்கமும் மீட்பும் தனித்தனிக் கருவிகளைக் கோருபவை என்பது முதல் தாக்குதலிலேயே வெளிப்பட்டுவிட்டது.

வட்டுகளை அனுப்பியவர் ஜோசப் பாப், ஹார்வர்டில் படித்த அமெரிக்கப் பரிணாம உயிரியலாளர். ஒஹையோ மாநிலத்தில் கைதாகிப் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்ட அவர், வருமானத்தை எய்ட்ஸ் ஆராய்ச்சிக்குத் தர எண்ணியதாகக் கூறினார். விசாரணையைச் சந்திக்கும் மனநிலையில் அவர் இல்லை என்று 1991இல் நீதிமன்றம் முடிவுசெய்ததால் வழக்கு நடைபெறவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டா நகரில் அவர் பெயரில் ஒரு வண்ணத்துப்பூச்சிக் காட்சியகம் அமைக்கப்பட்டது.

சாவியின் வரலாறு

எய்ட்ஸ் ட்ரோஜன் தோற்ற இடத்தைச் சரியாகச் சுட்டிக்காட்டியவர்கள் ஆடம் யங், மோட்டி யங் ஆகிய இருவர். 1996இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், நிரலுக்குள் பொதுச்சாவியை மட்டும் வைத்து, திறப்பதற்கான தனிச்சாவியைத் தாக்குபவர் தன்னிடமே வைத்துக்கொண்டால், நிரலைப் பிரித்துப் பார்ப்பவருக்கு எதுவும் கிடைக்காது என்று காட்டினர். மக்கின்டாஷ் கணினியில் ஒரு சோதனை வடிவத்தையும் எழுதினர். எச்சரிக்கையாக எழுதப்பட்ட இக்கட்டுரை, பின்வந்த குற்றவாளிகள் கடைப்பிடித்த முறைக்கு முழு வரைபடமாக அமைந்துவிட்டது.

நடைமுறையில் இது உடனே வரவில்லை. 2000களின் நடுவில் பரவிய ஜிபிகோட் என்னும் பணயத் தீநிரலின் தொடக்க வடிவங்கள் சொந்தமாகப் புனைந்த பலவீனமான முறைகளைக் கையாண்டதால் எளிதில் உடைக்கப்பட்டன. 2008இல் வந்த வடிவம் 1024 பிட் ஆர்எஸ்ஏ சாவியைப் பயன்படுத்தியது. அதை உடைக்க முடியவில்லை. ஆனால் மூலக் கோப்பை அது மேலெழுதாமல் வெறுமனே நீக்கியதால், ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்புக் கருவிகளால் பல கோப்புகளை எடுக்க முடிந்தது.

2013 செப்டம்பரில் வெளிவந்த கிரிப்டோலாக்கர் இக்குறைகளைத் தீர்த்துக்கொண்டது. 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவி, 72 மணி நேரக் கெடு, பிட்காயினில் பணம் என்ற மூன்றும் அதில் ஒன்றுசேர்ந்தன. அதைப் பரப்பிய கேம்ஓவர் சூஸ் வலையமைப்பை 2014இல் பல நாட்டுக் காவல்துறைகள் ‘ஆபரேஷன் டோவர்’ மூலம் முடக்கின. கைப்பற்றப்பட்ட சாவிகளைக் கொண்டு அவ்வாண்டு ஆகஸ்டில் இலவச மீட்புச் சேவை தொடங்கியது.

வகைகள்

திரைப்பூட்டி: கோப்புகளைத் தொடாமல் திரையை மட்டும் மறிப்பது. 2012இல் பரவிய ரெவிட்டன், காவல்துறையின் முத்திரையைக் காட்டி, சட்டவிரோதக் கோப்புகள் வைத்திருந்ததற்கு ‘அபராதம்’ கேட்டது. நீக்கினாலே சிக்கல் தீரும் வகை இது ஒன்றே.

கோப்புப்பூட்டி: ஆவணம், படம், காணொளி முதலியவற்றை மறைகுறியாக்குவது. கிரிப்டோலாக்கர், டெஸ்லாகிரிப்ட், லாக்கி, வான்னாகிரை, ஸ்டாப் ஆகியவை இதில் அடங்கும். தனியாள் கணினிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே.

வட்டுப்பூட்டி: வன்வட்டின் தொடக்கப் பகுதியையும் கோப்பு அட்டவணையையும் பூட்டி, விண்டோஸ் எழவிடாமல் செய்வது. 2016இல் வந்த பெட்யா இதற்கு எடுத்துக்காட்டு.

போலிப் பணயம்: பணம் கேட்கும், ஆனால் திறக்கும் வழியே இராது. 2017 ஜூன் 27 அன்று உக்ரைனில் தொடங்கிய நாட்பெட்யா, பணயத் தீநிரலின் வேடத்தில் வந்த அழிப்பான்.

தொற்றும் வழிகள்

மின்னஞ்சல் இணைப்பே பழகிய பாதை. விண்டோஸ் இயல்பாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால், பிடிஎஃப் படக்குறியுடன் வரும் இயங்குநிரலைப் பலர் ஆவணம் என்று நம்பித் திறந்தனர். கிரிப்டோலாக்கர் இப்படித்தான் நுழைந்தது. லாக்கி, வேர்டு ஆவணத்திலுள்ள மேக்ரோ என்னும் சிறுநிரலை இயக்கச் சொல்லிக் கேட்டது.

வீட்டுக் கணினிகளுக்கு அதைவிடப் பெரிய வாசல் திருட்டு மென்பொருள். 2018 முதல் பரவும் ஸ்டாப் என்னும் குடும்பம், கிராக், கீஜென் எனப்படும் பூட்டுடைப்பு நிரல்களுக்குள் ஒளிந்து வருகிறது. விண்டோஸ் புதுப்பிப்பு நடப்பதுபோலப் போலிச் சாளரத்தைக் காட்டிக்கொண்டே கோப்புகளைப் பூட்டி, பல வடிவங்களில் 980 டாலர் கேட்கும்; 72 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பாதி போதும் என்று சலுகையும் அறிவிக்கும். காசு கொடுத்து வாங்காத மென்பொருளுக்கு வேறு வழியில் விலை கட்ட வேண்டியதாகிறது.

பயனர் எதையும் திறக்காமலே தொற்றுவதும் உண்டு. 2017 மே 12 அன்று கிளம்பி 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய வான்னாகிரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வு வசதியில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தாவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நிரலுக்குள் எழுதப்பட்டிருந்த ஓர் இணைய முகவரியை மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர் பதிவுசெய்ததும் பரவல் தணிந்தது.

இயங்கும் முறை

உள்ளே வந்த நிரல் முதலில் விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் நிழற்பிரதிகளை அழிக்கும். பின், வேகமான ஏஇஎஸ் போன்ற முறையில் கோப்புகளைப் பூட்டி, அதற்குப் பயன்பட்ட சாவியை ஆர்எஸ்ஏ பொதுச்சாவியால் பூட்டிவிடும். செருகியிருக்கும் பென்டிரைவ், வெளிவட்டு, பகிரப்பட்ட வட்டு, இணையச் சேமிப்புடன் ஒத்திசையும் கோப்புறை எல்லாம் இதற்கு இரையாகும். இறுதியில் கோப்புறைதோறும் ஒரு மிரட்டல் கடிதம் வைக்கப்படும்.

நீக்கலும் மீட்டலும்

தொற்று தெரிந்தவுடன் வைஃபையையும் வலைக்கம்பியையும் துண்டித்து, வெளிவட்டுகளைக் கழற்ற வேண்டும். கோப்புப் பெயர்கள் கண்முன்னே மாறிக்கொண்டிருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிடுவதே சரி, மிஞ்சியவையாவது தப்பும். பூட்டல் முடிந்துவிட்டிருந்தால் அணைக்கத் தேவையில்லை. வான்னாகிரை தாக்கிய சில பழைய விண்டோஸ் கணினிகளில், மறுதொடக்கம் செய்யாதிருந்தவர்களுக்கு நினைவகத்திலிருந்தே சாவியைத் திரட்ட முடிந்தது.

அடுத்தது அடையாளம் காணல். மிரட்டல் கடிதத்தையும் பூட்டப்பட்ட ஒரு கோப்பையும் பத்திரப்படுத்தி, வேறு கணினி வழியாக ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் கொடுத்தால், குடும்பத்தின் பெயரும், மீட்புக்கருவி இருந்தால் அதுவும் கிடைக்கும். நெதர்லாந்து காவல்துறை, யூரோபோல், காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி ஆகியவை 2016 ஜூலையில் தொடங்கிய தளம் இது. மீட்புக்கருவி என்ற பெயரில் வேறிடங்களில் கிடைப்பவற்றில் போலிகளும் உண்டு.

நீக்குவதற்கு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரின் ஆஃப்லைன் பரிசோதனையோ, பென்டிரைவிலிருந்து இயங்கும் மீட்பு வட்டோ உதவும். ஐயமற்ற வழி, பூட்டப்பட்ட கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிட்டு, வன்வட்டைத் துடைத்து விண்டோஸை மீண்டும் நிறுவுவது. அரைகுறையாக நீக்கினால் ஸ்டாப் போன்றவை திட்டமிட்ட பணியாக ஒளிந்திருந்து புதிய கோப்புகளையும் பூட்டும். கடவுச்சொல் திருடும் நிரல்களையும் ஸ்டாப் கூட்டி வருவதால், வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றியாக வேண்டும்.

மீட்பில் காப்புநகலுக்கு இணையானது இல்லை. அது இல்லாதவர்கள் அழியாமல் தப்பிய நிழற்பிரதி, நீக்கிய கோப்புகளை மீட்கும் கருவி, இலவசத் திறப்புக் கருவி என்ற வரிசையில் முயலலாம். ஸ்டாப் குடும்பத்தின் பழைய வடிவங்கள் பலவற்றுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் திறப்புக் கருவி வெளியிட்டது; அவ்வாண்டு ஆகஸ்டுக்குப் பிந்தியவற்றில், இணையத் தொடர்பின்றிப் பூட்டப்பட்ட சில மட்டுமே திறக்கின்றன. எதுவும் பலிக்காவிட்டாலும் பூட்டிய கோப்புகளை அழிக்கக் கூடாது. டெஸ்லாகிரிப்டை எழுதியவர்களே 2016 மே மாதம் தலைமைச் சாவியை வெளியிட்டனர்.

பணம் கொடுப்பது தீர்வாகாது. நாட்பெட்யாவுக்குப் பணம் கட்டியவர்கள் தொடர்புகொள்ள வேண்டிய மின்னஞ்சல் முகவரியை அதை வழங்கிய ஜெர்மன் நிறுவனம் அன்றே முடக்கிவிட்டது. கொடுத்த தொகை அடுத்த தாக்குதலுக்கு முதலாகவே சேர்கிறது.

தடுப்பு

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்பது காப்புநகலின் பொது விதி. அவற்றுள் ஒன்றேனும் கணினியோடு இணைக்கப்படாமல் இருக்க வேண்டும். எப்போதும் செருகியிருக்கும் வெளிவட்டு காப்புநகலாகாது. எடுத்த நகலிலிருந்து கோப்பு திரும்ப வருகிறதா என்று அவ்வப்போது பார்ப்பதும் தேவை. விண்டோஸ் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதிருத்தல், கோப்புப் பின்னொட்டுகளைக் காட்டச் செய்தல், அன்றாட வேலைக்கு நிர்வாகி அல்லாத கணக்கு, திருட்டு மென்பொருளைத் தவிர்த்தல் ஆகியவை மற்றவை. குறிப்பிட்ட கோப்புறைகளை அறியாத நிரல்கள் மாற்றாதபடி தடுக்கும் வசதி 2017 முதல் விண்டோஸ் 10இல் உள்ளது; பயனரே அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.

சட்டமும் இன்றைய நிலையும்

இந்தியாவில் இக்குற்றம் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளின் கீழ் வரும். 1930 என்ற உதவி எண்ணிலும் தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் பொருந்தும். 2019 முதல் பெருங்கும்பல்கள் நிறுவனங்களைக் குறிவைத்து, தரவைத் திருடி வெளியிடுவதாகவும் மிரட்டுகின்றன. தனியாள் கணினிகளைத் தாக்கும் குடும்பங்களும் புழக்கத்தில் உள்ளன.