ஜவ்வாது மலையும் வானத்துக் கண்ணும்

"பி.காம் படிக்கிறவனுக்குக் காட்டைப் பற்றி என்ன கவலை?" என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஜவ்வாது மலை என்றதும் நினைவுக்கு வருவது சந்தன மரம். அடுத்தது காவலூர் வானாய்வு நிலையம். நகர வெளிச்சம் எட்டாத அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் விஞ்ஞானி வைணு பாப்பு. 1968ல் அங்கே முதல் தொலைநோக்கி வேலையைத் தொடங்கியது. 1986ல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது.

இப்படி மலையிலிருந்து நாம் வானத்தைப் பார்த்த அதே காலத்தில், வானத்திலிருந்து மலையைப் பார்க்கும் கண்ணும் வந்துவிட்டது! 1972 ஜூலை 23 அன்று அமெரிக்கா லேண்ட்சாட்-1 செயற்கைக்கோளை ஏவியது. நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்-1ஏ 1988 மார்ச் 17 அன்று சோவியத் மண்ணிலிருந்து கிளம்பியது.

காடு வெட்டப்பட்டால் படத்தில் தெரியும், சரி. இலை மேல் படியும் தொழிற்சாலைத் தூசி எப்படித் தெரியும்?

ஆரோக்கியமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். தூசி மூடினால் இந்த வித்தியாசம் குறைகிறது. இலையின் சுவாசத் துளைகளும் அடைபடுகின்றன. இந்த வித்தியாசத்தை எண்ணாக மாற்றும் கணக்குக்குத்தான் என்.டி.வி.ஐ. என்று பெயர்.

ஜார்க்கண்டில் சாரண்டா என்ற சால் மரக்காடு இருக்கிறது. அங்கே கிரிபுரு, மேகாஹாதுபுரு இரும்புத்தாதுச் சுரங்கங்களைச் சுற்றி இப்படி ஓர் ஆய்வு நடந்தது. 2019ல் அது வெளியானது. லேண்ட்சாட், ஹைப்பீரியன் படங்களோடு, காட்டில் பறித்த இலைகளின் தூசியையும் அளந்து ஒப்பிட்டார்கள். படம் மட்டும் போதாது, இலையும் வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஜவ்வாது மலையில் இது இன்னும் முக்கியம். அங்கே பெரும்பாலும் இலையுதிர் காடு. கோடையில் இலை உதிர்ந்தாலே அந்த எண் தானாகக் குறைந்துவிடும். மார்ச் மாதப் படத்தையும் நவம்பர் மாதப் படத்தையும் பக்கத்தில் வைத்து, "தூசி காட்டைக் கொன்றுவிட்டது" என்றால் தப்பு. அதே மாதத்தை அதே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தந்த வருட மழையையும் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஒரு புள்ளி 30 மீட்டர் அகலமுள்ள படத்தில் ஒற்றைச் சந்தன மரம் களவு போனால் தெரியாது!

இனி என் காரணம். கணக்கில் 'ஆரம்ப இருப்பு' தெரியாமல் நஷ்டத்தைச் சொல்ல முடியாது. நாளை மலையடிவாரத்தில் ஒரு குவாரியோ ஆலையோ வந்து, "தூசியால் மரம் பட்டுப்போச்சு" என்று மலைவாசி மக்கள் சொன்னால், "இல்லை, மழை இல்லாததுதான் காரணம்" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அன்றைக்கு யார் சாட்சி? பழைய படங்கள்தான். லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். காட்டின் பேரேடு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதைப் புரட்டிப் பார்க்க ஆள்தான் வேண்டும், நண்பர்களே!