மூலமும் படியும்: சிவபுரம் கூத்தப்பிரான் திருமேனியின் பம்பாய்க் காலம்

தொல்பொருள் வணிகத்தில் ஒரு திருமேனியைக் குறித்து எழும் வினாக்கள் இரண்டு. அது மெய்யானதா என்பது ஒன்று. அது யாருடையது என்பது மற்றொன்று. ஏல நிறுவனங்களும் அருங்காட்சியகங்களும் பெயர்பெற்ற வல்லுநர்களை நாடியது பெரும்பாலும் முதல் வினாவிற்கு விடை காணவே. பாணி, காலம், வார்ப்பு நுட்பம் ஆகியவற்றைக் கொண்டு வல்லுநர் தரும் சான்று பொருளின் விலையை உயர்த்துகிறது. உரிமை பற்றிய வினா அச்சான்றின் நிழலில் மறைந்துவிடுகிறது. சோழ நாட்டிலிருந்து பம்பாய் வழியே நியூயார்க் சென்ற சிவபுரம் கூத்தப்பிரான் திருமேனியின் வரலாறு இதனைத் தெளிவுபடுத்தும்.

கும்பகோணத்தை அடுத்த சிவபுரம் தேவாரப் பாடல் பெற்ற தலம். 1951ஆம் ஆண்டு அவ்வூர் நிலத்தில் கூத்தப்பிரான் உள்ளிட்ட ஆறு செப்புத்திருமேனிகள் வெளிப்பட்டன. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அரசின் பொறுப்பில் வந்த அவை, பின்னர் ஊர்க் கோயிலாகிய சிவகுருநாதசுவாமி கோயிலுக்கு வழிபாட்டிற்கென ஒப்படைக்கப்பட்டன. 1954இல் பழுது நீக்குவதற்காக ஸ்தபதி ஒருவரிடம் அவை கொடுக்கப்பட்டன. கோயிலுக்குத் திரும்பி வந்த கூத்தப்பிரான் புதிதாக வார்க்கப்பட்ட படி. மூலம் வணிகர் கைக்கு மாறிவிட்டது. சோழர் காலத்து மெழுகு வார்ப்பு மரபு கும்பகோணம், சுவாமிமலைப் பகுதியில் அறாது தொடர்ந்ததாலேயே இத்தகைய படி இயன்றது என்பது கசப்பான முரண். பல்லாண்டுகள் அப்படிக்கே பூசை நடந்தது.

மூலம் பம்பாயை அடைந்தது. துறைமுகமும் செல்வமும் சேகரிப்பாளர் வட்டமும் ஒருங்கே அமைந்த அந்நகரம் அக்காலத்தில் கலைப்பொருள் வணிகத்தின் முதன்மையான சந்தைகளுள் ஒன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழர் தம் தெய்வங்களுக்குக் கோயில் எடுத்து வழிபட்டுவந்த அதே நகரில், சோழர் காலக் கூத்தப்பிரான் தனியார் இல்லத்தில் காட்சிப்பொருளாக நின்றிருந்தார். அவரை அங்குத் தேடிச் சென்று கண்டவர் பக்தர் அல்லர், கலை வரலாற்றறிஞர்.

பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சார்ந்த டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழர் செப்புத்திருமேனிகள் பற்றிய தம் நூலை 1965இல் வெளியிட்டார். அதனைப் பதிப்பித்ததும் பம்பாயின் பூலாபாய் நினைவு நிறுவனமே. சிவபுரம் கோயிலில் உள்ளது படி என்பதும், மூலம் பம்பாயில் தனியார் சேகரிப்பில் உள்ளது என்பதும் அந்நூல்வழி அறிஞருலகிற்குத் தெரியவந்தன. களவு வெளிப்பட்டது இவ்வாறுதான். எனினும் அதே கூற்றுக்கு மற்றொரு பயனும் இருந்தது. பம்பாயில் இருப்பது ஐயத்திற்கிடமற்ற சோழர் படைப்பு என்பதற்குத் துறையின் தலைசிறந்த அறிஞர் ஒருவரின் சான்று அச்சில் கிடைத்துவிட்டது. பாரெட்டின் நோக்கம் அதுவன்று. ஆனால் சந்தை நோக்கத்தைக் கேட்பதில்லை. நூல் வெளிவந்து நான்கு ஆண்டுகள் மூலம் இந்திய மண்ணிலேயே இருந்தும் அதனை மீட்கப் பயனுள்ள நடவடிக்கை எதுவும் இல்லை. 1969இல் அது நியூயார்க் வணிகர் பென் ஹெல்லரிடம் சென்றது. உரிமமின்றித் தொல்பொருளை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கும் 1947ஆம் ஆண்டுச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது.

ஹெல்லரிடமிருந்து அதனை ஏறத்தாழ 9 இலட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்கத் தொழிலதிபர் நார்ட்டன் சைமன், தாம் வாங்கிய ஆசியக் கலைப்பொருள்களுள் பெரும்பாலானவை கடத்தப்பட்டவையே என 1973இல் செய்தியாளரிடம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உரிமை இந்தியாவினதாயிற்று; ஆயினும் பத்தாண்டுகள் காட்சிக்கு வைத்துக்கொள்ளும் சலுகை சைமனுக்குக் கிடைத்தது. 1986இல் திருமேனி தாயகம் திரும்பியது.

மூலத்தை எடுத்துக்கொண்டு படியைத் திருப்பித் தரும் இம்முறை சிவபுரத்தோடு நிற்கவில்லை. வடஇந்தியாவின் ஆமின் என்னும் ஊரில் 1967இல் களவாடப்பட்டு மீட்கப்பட்ட இரு சுங்கர் காலத் தூண்கள், ஆய்வுக்கெனச் சொல்லி நீதிமன்றக் காவலிலிருந்தே பெறப்பட்டன. திருப்பித் தரப்பட்டவை படிகள். மூலங்கள் இலண்டனில் கண்டறியப்பட்டன. அவ்வழக்கில் 1979இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வல்லுநர் அறிவு மீட்புக்குத் துணைநின்றதும் உண்டு. பத்தூர் நடராசர் வழக்கில் தமிழகத் தொல்லியல் துறையின் முன்னாள் இயக்குநர் இரா. நாகசாமி இலண்டன் நீதிமன்றத்தில் அளித்த சான்று அத்திருமேனி 1991இல் திரும்பி வரப் பெரிதும் உதவிற்று.

ஏல உலகம் இவற்றிலிருந்து விரைந்து பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 1997இல் பீட்டர் வாட்சன் வெளியிட்ட நூல், இந்தியச் சிற்பங்கள் சோத்பீஸ் நிறுவனத்தின் ஏலங்களைச் சென்றடைந்த வழிகளை அந்நிறுவன ஆவணங்களைக் கொண்டே காட்டியது. இலண்டனில் நடத்திவந்த தொல்பொருள் ஏலங்களை அந்நிறுவனம் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. பிற்கால மீட்புகளில் பாணி வல்லுநரின் கண்ணைவிடப் பழைய நிழற்படமே மிகுதியும் பயன்பட்டது. விருத்தாசலம் அர்த்தநாரீசுவரர் சிற்பத்தை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004இல் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நிழற்படம் அதன் உறைவிடத்தை உறுதி செய்ய, 2014இல் அது இந்தியாவிற்குத் திரும்பியது.

2025 மே 7ஆம் நாள் ஹாங்காங்கில் சோத்பீஸ் நடத்தவிருந்த பிப்ரவா மணிகளின் ஏலம் இந்திய அரசின் சட்ட அறிவிப்பால் ஒத்திவைக்கப்பட்டது. 1898இல் புத்தரின் எச்சங்களோடு அகழ்ந்தெடுக்கப்பட்ட அம்மணிகளின் மெய்ம்மையை எவரும் மறுக்கவில்லை. வழிபடுபொருளை விற்கும் உரிமை எவருக்கு உண்டு என்பதே எழுந்த வினா. அவற்றை விலைகொடுத்து வாங்கி அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவிற்குக் கொண்டுவரச் செய்தது மும்பையைச் சேர்ந்த கோத்ரெஜ் குழுமம். சிவபுரம் கூத்தப்பிரான் கடல் கடந்தது இதே நகரின் வணிகர் வழியாகத்தான்.