வராத தரப்பும் காலியான நடுவர் நாற்காலியும்: போருக்குப் பிந்தைய உடன்பாடுகளில் மனித உரிமைக் கடமைகள்

குஜிலியம்பாறைப் பக்கம் கூட்டுக் கிணற்றைப் பாகம் பிரிக்கும்போது யாருக்கு எந்த நாள் முறைத்தண்ணீர் என்று பத்திரத்தில் எழுதிவிடலாம். முறை தவறினால் யார் பேசித் தீர்ப்பது, கூப்பிட்டும் ஒரு பங்காளி வராவிட்டால் என்ன செய்வது என்று எழுதாமல் விட்டால், தகராறு வரும் நாளில் பத்திரம் உதவாது. போர் முடிந்தபின் நாடுகள் எழுதும் உடன்பாடுகளிலும் இந்த ஓட்டை உண்டு. கடமைப்பட்டவர் ஒத்துழைக்க மறுத்த பிறகும் இயங்கும் நடுவர் ஏற்பாடு ஒன்றே மனித உரிமைப் பிரிவுக்கு வலுவூட்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1947 பிப்ரவரி 10 அன்று பாரிசில் பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகியவற்றுடன் அமைதி உடன்பாடுகள் கையெழுத்தாயின. நேச நாடுகளின் வரிசையில் இந்தியாவும் இருந்தது. முந்தைய ஆண்டின் பாரிஸ் மாநாட்டில் இந்தியக் குழுவுக்குத் தலைமை வகித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் சர் சாமுவேல் ரங்கநாதன். பேச்சு, எழுத்து, வழிபாடு, கூட்டம் கூடுதல் ஆகிய உரிமைகளை எல்லாருக்கும் உறுதிசெய்வதாக அம்மூன்று நாடுகளும் ஒப்புக்கொண்டன. தகராறு வந்தால் முதலில் அமெரிக்க, பிரிட்டிஷ், சோவியத் தூதர்கள் பேசுவர். தீராவிட்டால் மூவர் ஆணையம் அமையும். தகராறின் இரு தரப்புக்கும் ஆளுக்கொரு பிரதிநிதி, மூன்றாமவர் குறித்து உடன்பாடு எட்டாவிட்டால் ஐ.நா. பொதுச்செயலாளர் நியமிப்பார்.

1949இல் ஹங்கேரியில் கர்தினால் மின்ட்சென்டிக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. பல்கேரியாவில் புராட்டஸ்டன்ட் போதகர்கள் கூண்டில் ஏற்றப்பட்டனர். உடன்பாடு மீறப்பட்டதாக வாஷிங்டனும் லண்டனும் குற்றம்சாட்டின. அது உள்நாட்டு விவகாரம் என்று மூன்று நாடுகளும் பதிலளித்தன. சோவியத் தூதர்கள் பேச்சுக்கே வரவில்லை. மூன்று நாடுகளும் ஆணையத்துக்குத் தங்கள் ஆளை அனுப்பவில்லை.

ஐ.நா. பொதுச்சபை ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டது. 1950 மார்ச் 30 அன்று வந்த முதல் பதில் நம்பிக்கையூட்டியது: உடன்பாட்டுக்குப் பொருள்கொள்வது சர்வதேசச் சட்டப் பிரச்சினை, தகராறு உண்டு, பிரதிநிதியை நியமிப்பது கடமை. ஜூலை 18 அன்று வந்த இரண்டாம் பதில் அதன் பயனைப் பறித்தது. ஒரு தரப்பு தன் ஆளையே அனுப்பாத நிலையில் மூன்றாமவரை நியமிக்கப் பொதுச்செயலாளருக்கு அதிகாரம் இல்லை என்று 11க்கு 2 என்ற வாக்கில் நீதிமன்றம் கூறியது. உடன்பாட்டுக்குப் பொருள் சொல்வதே தன் வேலை, அதைத் திருத்தி எழுதுவது அன்று என்பது அதன் நிலை. கடமையை மீறியவர், இன்னொரு கடமையையும் மீறி, விசாரணையிலிருந்து தப்பினார்.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு இலங்கை தொடர்பான மூன்று ஆவணங்களைப் படிக்கலாம். மூன்றும் 1947இன் உடன்பாடுகளைப் போன்ற சட்டத் தகுதி உடையவை அல்ல. குறை மட்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. 1987 ஜூலை 29இன் இந்திய–இலங்கை உடன்பாடு வடகிழக்கின் எல்லாச் சமூகங்களின் பாதுகாப்புக்கும் இரு அரசுகளும் ஒத்துழைக்கும் என்றது. மீறப்பட்டால் யார் விசாரிப்பது என்பதற்கு நடுவர் மன்றம் எதையும் அது அமைக்கவில்லை. அந்த உடன்பாட்டை ஒட்டி நடந்த வடக்கு, கிழக்கு மாகாண இணைப்பு செல்லாது என்று 2006இல் இலங்கை உச்ச நீதிமன்றம் கூறியபோது, உடன்பாட்டின் பெயரால் டெல்லி கதவைத் தட்ட ஒரு மன்றம் இல்லை.

இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் செய்த 2002 பிப்ரவரியின் போர்நிறுத்த ஒப்பந்தம் இவ்விடத்தில் ஒரு படி மேல். சித்திரவதை, ஆள்கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல் ஆகியவற்றை அது தடைசெய்தது. உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்களில் அரசுக்கு இருவர், புலிகளுக்கு இருவர், தலைமையில் வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் ஒருவர். மூன்றாம் நாற்காலி காலியாக இல்லை. ஆனால் அதில் அமர்ந்தவருக்குக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை. 14 நாள் முன்னறிவிப்புடன் எவரும் விலகலாம். 2008 ஜனவரியில் அரசு அப்படியே விலகியது.

2015இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கையே இணை அனுசரணை வழங்கியது. வெளிநாட்டு நீதிபதிகளும் பங்கேற்கும் விசாரணைப் பொறிமுறை அதில் இருந்தது. சில மாதங்களிலேயே வெளிநாட்டு நீதிபதிகள் தேவையில்லை என்றார் அதிபர் சிறிசேன. 2020 பிப்ரவரியில் அடுத்த அரசு அனுசரணையை விலக்கிக்கொண்டது. முதலில் மறுக்கப்பட்டது மூன்றாமவர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இந்தியாவின் தடுமாற்றமும் இங்கே உண்டு. தென்னாப்பிரிக்க இந்தியர் விவகாரத்தில் உள்நாட்டு விஷயம் என்ற கேடயத்தை 1946இல் பொதுச்சபையில் எதிர்த்தது டெல்லி. 2009 மே மாதம் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை குறித்து வந்த, உள்விவகாரத்தில் தலையிடாமையை வலியுறுத்திய தீர்மானத்துக்கு அதே டெல்லி ஆதரவாக வாக்களித்தது.

இவ்வளவு இறுக்கமான ஏற்பாட்டுக்கு எந்த அரசு கையெழுத்திடும் என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் போஸ்னியப் போரை முடித்த 1995இன் டேட்டன் உடன்பாடு மறுசான்று தருகிறது. அதன் ஆறாம் இணைப்பு அமைத்த மனித உரிமை அவையின் 14 உறுப்பினரில் 8 பேரை ஐரோப்பிய மன்றம் நியமித்தது. உள்ளூர்த் தரப்பு எதுவும் ஆளை அனுப்பாமல் அதை முடக்கிவிட முடியாது. 2003 இறுதிவரை அது இயங்கியது.

திண்டுக்கல் அருகே தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் 321 வீடுகள் 2022இல் திறக்கப்பட்டன. அங்கே குடியிருப்போர் திரும்பிப் போவதா, இங்கேயே இருப்பதா என்று முடிவெடுக்க, இலங்கை குறித்த அடுத்த உடன்பாட்டு வரைவில் மூன்று செய்திகள் தெளிய வேண்டும்: நடுவரை யார் நியமிப்பது, ஒருவர் வராவிட்டால் அவருக்கான ஆளை யார் அமர்த்துவது, விலகியவரின் பழைய மீறலை யார் விசாரிப்பது. உரிமைப் பட்டியலுக்கு முன்பு இந்தப் பிரிவைப் படிப்பதே 1950 கற்றுத்தந்த ஒழுங்கு.