கிராம்பு எண்ணெய்

கிராம்பு எண்ணெய் என்பது கிராம்பு மரத்தின் மலர்மொட்டு, இலை, காம்பு ஆகியவற்றை நீராவியால் வாலைவடித்துப் பெறப்படும் நறுமண எண்ணெய் ஆகும். இது பல்வலிக்கு வீட்டு மருந்தாகவும், பல் மருத்துவத்திலும், உணவுப் பொருட்கள், பற்பசை, சோப்பு ஆகியவற்றின் உற்பத்தியிலும் பயன்படுகிறது. தமிழ்நாட்டின் தென்காசி மாவட்டத்தில் உள்ள குற்றாலமே இந்தியாவில் கிராம்பு முதன்முதலாகப் பயிரிடப்பட்ட இடமாகும். சமையலில் சேர்க்கும் அளவில் கிராம்பு பாதுகாப்பானது. ஆனால் அதன் எண்ணெய் பன்மடங்கு செறிவானது. சில மில்லி லிட்டர் எண்ணெய் கூட ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தை விளைவிக்கக் கூடும்.

பெயர்

கிராம்பு, இலவங்கம் எனவும் அழைக்கப்படுகிறது. இதன் தாவரவியல் பெயர் சைஜீஜியம் அரோமேட்டிக்கம். நாவல் மரமும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. இலவங்கப்பட்டை என்பது வேறொரு மரத்தின் பட்டை ஆகும். எனவே இலவங்கப்பட்டை எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் ஒன்றல்ல.

குற்றாலத்தில் கிராம்பு

கிராம்பின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள் ஆகும். கிழக்கிந்திய நிறுவனம் கி.பி. 1800 அளவில் குற்றாலத்தில் இருந்த தனது நறுமணப் பயிர்த் தோட்டத்தில் கிராம்பை அறிமுகப்படுத்தியது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து வரும் சாரலும், ஈரப்பதம் மிக்க மலைச்சரிவும் இப்பயிருக்கு ஏற்றவையாக இருந்தன. இங்கு கிடைத்த வெற்றியைத் தொடர்ந்து, 1850க்குப் பிறகு நீலகிரி, தென் திருவிதாங்கூர், கேரளப் பகுதி மலைச்சரிவுகள் ஆகியவற்றுக்கும் கிராம்புச் சாகுபடி பரவியது. இன்று தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்ட மலைப்பகுதிகளில் கிராம்பு மிகுதியாக விளைகிறது. கன்னியாகுமரி கிராம்பு 2021 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

உற்பத்தி

நட்டு ஏறத்தாழ 7 அல்லது 8 ஆண்டுகளில் மரம் பூக்கத் தொடங்குகிறது. பச்சை நிற மொட்டுகள் இளஞ்சிவப்பாக மாறும் நிலையில், மலர்வதற்கு முன்பே கையால் பறிக்கப்பட்டு, வெயிலில் 4 முதல் 5 நாட்கள் உலர்த்தப்படுகின்றன. உலர்ந்த மொட்டில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் உள்ளது. காம்பில் 5 முதல் 6 விழுக்காடும், இலையில் 2 முதல் 3 விழுக்காடும் கிடைக்கின்றன.

எண்ணெய் எடுக்கப்பட்ட கிராம்பைச் சந்தையில் நல்ல கிராம்புடன் கலப்பதும் உண்டு. நல்ல கிராம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். நீரில் இட்டால் அடியில் படியும். எண்ணெய் எடுக்கப்பட்ட கிராம்பு சுருங்கி, நீரில் மிதக்கும்.

வேதியியல்

கிராம்பு எண்ணெயின் முதன்மைக் கூறு யூஜினால் ஆகும். இது பொதுவாக 70 முதல் 90 விழுக்காடு வரை காணப்படுகிறது. யூஜினைல் அசிட்டேட்டு, பீட்டா காரியோஃபிலீன் ஆகியவை பிற கூறுகள். பெரும்பாலான எண்ணெய்களைப் போலன்றி இது நீரை விடச் சற்று அடர்த்தி மிக்கது. ஆகவே, நீரில் இட்டால் கரையாமல் துளிகளாக அடியில் தங்கும். நீர் சேர்ப்பதால் இதன் செறிவு குறையாது.

பயன்கள்

யூஜினால் நரம்புகளில் சோடிய அயனிகள் செல்லும் வாயில்களைத் தடுத்து வலியுணர்வைக் குறைக்கிறது. துத்தநாக ஆக்சைடுடன் யூஜினாலைக் கலந்து பெறப்படும் பசை, பற்குழிகளைத் தற்காலிகமாக அடைக்கப் பல் மருத்துவர்களால் பயன்படுத்தப்படுகிறது. மீன்களை ஆய்வுக்காக மயக்கமுறச் செய்யவும் இவ்வெண்ணெய் பயன்படுகிறது.

2006 ஆம் ஆண்டில் வெளியான குவைத் ஆய்வொன்றில், கிராம்புத் தூளையும் கிளிசரினையும் கலந்த களிம்பு, ஊசி குத்தும் வலியைக் குறைப்பதில் பென்சோகெயின் என்னும் மரப்பு மருந்துக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. இதில் பயன்பட்டது தூளே தவிர வாலைவடித்த எண்ணெய் அன்று என்பது குறிப்பிடத்தக்கது. வலி தணிவதால் பற்சொத்தையோ சீழோ குணமாவதில்லை. எனவே வலி நீடித்தால் பல் மருத்துவரை அணுகுதல் வேண்டும்.

பாதுகாப்பான அளவு

உணவுச் சேர்பொருட்களுக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 1982 இல், ஒருவர் வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ளத்தக்க யூஜினாலின் உச்ச அளவை, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 2.5 மில்லி கிராம் என வரையறுத்தது. இதன்படி 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இவ்வளவு 25 மில்லி கிராம் ஆகும். ஒரு துளி கிராம்பு எண்ணெயிலோ ஏறத்தாழ 40 மில்லி கிராம் யூஜினால் உள்ளது. அதாவது, ஒரே துளி அவ்வரம்பைக் கடந்துவிடுகிறது.

* தோலில் தடவும் கலவையில் கிராம்பு எண்ணெய் 0.5 விழுக்காட்டுக்கு மிகாமல் இருத்தல் நன்று. இது 10 மில்லி லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஒரு துளி என்னும் அளவாகும்.
* குற்றாலத்திற்கு வருவோர் உடலில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். அவ்வாறு தேய்க்கப்படும் நல்லெண்ணெய் போன்றவை வேறு. வாலைவடித்த நறுமண எண்ணெய் வேறு. கலக்காத கிராம்பு எண்ணெயை உடலில் தேய்த்தால் எரிச்சல், கொப்புளம், ஒவ்வாமை ஏற்படலாம்.
* பல்வலிக்கு, கிராம்பு மொட்டையே வலிக்கும் பல்லில் வைத்து மெல்லக் கடிப்பது எண்ணெயை விடப் பாதுகாப்பானது. கலக்காத எண்ணெய் ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் புண்ணாக்கும்.
* 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தோலிலோ ஈறிலோ இதைத் தடவக் கூடாது.
* யூஜினால் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவதால், வார்ஃபாரின் போன்ற மருந்து உட்கொள்வோரும் அறுவை சிகிச்சைக்கு உள்ளாவோரும் இதனைத் தவிர்க்க வேண்டும்.
* கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தலாகாது.

நச்சுத்தன்மை

5 முதல் 10 மில்லி லிட்டர் வரை கிராம்பு எண்ணெய் அருந்திய 2 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஆழ்மயக்கம், வலிப்பு, கடும் கல்லீரல் பாதிப்பு, இரத்தம் உறைதலில் கோளாறு ஆகியவை ஏற்பட்டதாக 1993 இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியுள்ளது. அக்குழந்தை உயிர் பிழைத்தது. இந்த அளவு, ஒன்றிரண்டு தேக்கரண்டிக்குச் சமம்.

எண்ணெயை அருந்திவிட்ட குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் செல்லக் கூடும். 108 அவசர ஊர்தியை அழைத்து, எண்ணெய்க் குப்பியுடன் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அறிகுறிகள் தோன்றும் வரை காத்திருத்தல் கூடாது.

சேமிப்பு

யூஜினால் சிலவகை நெகிழிகளைக் கரைக்கும் தன்மை உடையது. ஆகவே இவ்வெண்ணெய் அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில், இறுக மூடி, ஒளி படாத இடத்தில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்பட வேண்டும். பெயரொட்டு இல்லாத குப்பியில் ஊற்றி வைப்பது, இதனை வேறு மருந்தென எண்ணி அருந்த வழிவகுக்கும்.

இவற்றையும் பார்க்க

* கிராம்பு
* குற்றாலம்
* நறுமண எண்ணெய்
* யூஜினால்