ஜீப்பின் பின்கதவுக் கொக்கி

முல்லைப் பெரியாற்றின் நீரால் செழித்துக் கிடக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1895-ஆம் ஆண்டில் நிறைவெய்திய அணையையும் அதைக் கட்டிய பென்னிகுவிக்கையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவது நியாயமே. ஆயினும், இப்பள்ளத்தாக்கின் ஜனங்களை மலைமேலுள்ள ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் ஏற்றியிறக்கும் ஜீப்பைப் பற்றியும், அதன் பின்கதவைப் பிடித்து நிறுத்தும் விரற்கடை அளவான இரும்புக் கொக்கியைப் பற்றியும் அவர்கள் ஒரு வரிகூட எழுதக் காணோம்.

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்னும் வழிகளில் மோட்டார் வாகனம் ஓடத் தொடங்குமுன், ஏலக்காயும் அரிசியும் தலைச்சுமையாகவும் கழுதைப் பொதியாகவுமே ஏறி இறங்கின. மூணாற்றுத் தேயிலையோ டாப் ஸ்டேஷன் வரையில் சிறு இரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிப் பக்கம் இறங்கி, வண்டியில் போடிநாயக்கனூர் சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்த இரயில் பாதையை அடியோடு கொண்டுபோயிற்று. சமவெளியில் ஓடிய வில்வண்டிகளின் பின்புறத்தில், அமர்ந்திருப்பவர் சரிந்து விழாதபடி குறுக்கே ஒரு கம்பி இருக்கும். அது தேய்ந்தால் ஊர்க் கொல்லர் வேறொன்று அடித்துத் தருவார். அதை வீட்டு வாசலில் வைத்துப் பூட்டிக்கொள்வது வண்டிக்காரரின் பொறுப்பு. நம் கொக்கிக்கு மூலபுருஷன் அந்தக் கம்பியே என்பது என் எண்ணம்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு என்ற இரு கம்பெனிகளும் ஏறத்தாழ 6,40,000 ஜீப்புகளைச் செய்து குவித்தன. அந்த யுத்த ஜீப்பிற்குப் பின்கதவே கிடையாது என்பது இன்று பலருக்கு வியப்பளிக்கலாம். பின்புறம் அசையாத தகடு. அதன்மேல் ஸ்டெப்னியும் பெட்ரோல் டின்னும் மாட்டியிருக்கும். சிப்பாய்கள் பக்கவாட்டில் குதித்து இறங்குவார்கள். யுத்தம் முடிந்த 1945-ஆம் ஆண்டிலே, இதே வண்டியைக் குடியானவர்களுக்கு விற்க வேண்டுமென்று வில்லிஸ் கம்பெனி சி.ஜே.2ஏ என்ற மாதிரியை வெளியிட்டபோதுதான், மூட்டை ஏற்றுவதற்கு வசதியாக ஸ்டெப்னி பக்கவாட்டுக்குப் போயிற்று. பின்புறத் தகடு கீழ்நோக்கித் திறக்கும் கதவாயிற்று. அடிவிளிம்பில் கீல், இருபுறமும் ஒவ்வொரு சங்கிலி, சங்கிலியின் முனையில் கொக்கி, சப்தம் எழாதிருக்கச் சங்கிலிக்கு ஓர் உறை: இவ்வளவுதான் அந்த யந்திர ரகசியம். அதே 1945-இல் தோன்றி, 1948-இல் மகிந்திரா அண்டு மகிந்திரா என்று பெயர் மாறிய நிறுவனம், உதிரிகளாகத் தருவித்த ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டத் தொடங்கிற்று. உயர்ந்த பானெட்டுடைய சி.ஜே.3பி என்னும் மாதிரி, அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன பின்னரும், நம் நாட்டில் நெடுங்காலம் உற்பத்தியாகி வந்தது.

1956-ஆம் ஆண்டின் ராஜ்யச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றுவிட, வீடு ஒரு ராஜ்யத்திலும் வேலை மற்றொரு ராஜ்யத்திலுமாக ஆயிற்று. ஏலச்செடிக்கு இந்த விவகாரம் தெரியாதாகையால், பழம் பறிக்கவும் களையெடுக்கவும் அடிவாரத்து ஜனங்கள் ஏறிப்போவது மட்டும் நிற்கவில்லை. விடியுமுன்னே கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறுவதை இன்றும் காணலாம். அளவுக்கு மீறி ஆளேற்றுவதை நான் சிறிதும் ஆதரிப்பவன் அல்லன். அதனால் நேர்ந்த விபத்துகளும் அற்பமல்ல. போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும்போது உள்ளிருக்கும் பாரம் பின்புறமாகவே சரிகிறது. அந்தப் பாரத்தில் கொக்கியின் வளைவு நாளடைவில் விரிகிறது. வட்டமாயிருந்த துளை நீண்டுபோகிறது. மலைச் சாரலில் கீற்கம்பி துருவேறி இறுகுகிறது. பட்டறைக்குப் போனால் ஒருநாள் வருமானம் போய்விடும் என்றஞ்சிய ஓட்டுநர், கீலில் மண்ணெண்ணெய் ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டு, காலையில் கம்பியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றிப் புதியதைச் செருகிக்கொள்வார். நீண்டுபோன துளைக்கு உட்புறமாகக் கனத்த தகடு வைத்துப் பற்றவைக்க மட்டுமே வெல்டிங் பட்டறையின் தயவு வேண்டும்.

இக்காலத்துக் கார்களிலோ கொக்கி கண்ணுக்குப் புலப்படாமல் டிக்கிக் கதவின் உள்மூடிக்குள் ஒளிந்துகொண்டது. சட்டத்தில் நிற்கும் வளையத்தைக் கதவிலுள்ள நகம் சுற்றிப் பிடிக்க, அந்நகம் திரும்பிவிடாதபடி ஒரு சிறு நாக்கு தடுத்து நிற்கிறது. பிசின்போல இறுகிய பழைய கிரீஸில் தூசி படிந்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். கதவு மூடாது, அல்லது திறக்காது. திறக்காவிடில் பின்னிருக்கையை மடக்கி உள்ளே புகுந்துதான் விடுவிக்க வேண்டும். மாற்றுவதும் பெரிய வித்தையன்று: பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட்டு, உள்மூடியின் கிளிப்புகளை உடையாமல் நெம்பிக் கழற்றி, பழைய பூட்டு இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, ஒயரைப் பிடுங்கிப் போல்ட்டுகளை அகற்றினால், பூட்டு கையோடு வந்துவிடும். புதியதைப் பொருத்திப் பாட்டரியை இணைத்தவுடன் கதவை அறைந்து மூடிவிடலாகாது. கதவு திறந்திருக்கும்போதே ஸ்க்ரூடிரைவரின் தண்டை நகத்துக்குள் அழுத்திப் பூட்டவைத்து, கைப்பிடியால் அது விடுபடுகிறதா என்று இரண்டு மூன்று முறை சோதித்த பின்பே மூட வேண்டும்.

ஜீப்பாயினும் காராயினும், பின்கதவு பழுதாயிருக்கக் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிக்கொண்டு, பின்னால் ஆட்களை ஏற்றி, தயவுசெய்து யாரும் மெட்டு ஏறாதீர்கள்.