மழை லீவும் மைதா மாவும்

சிவகாசியில் லீவு இரண்டு தினுசு. காலண்டரில் சிவப்பு மையில் அச்சாகும் லீவு ஒன்று. ஊர் ஊராகச் சுவரில் தொங்கும் அந்தக் காலண்டரை அடிப்பதே எங்கள் ஊர்தான் என்பது வேறு கதை. இன்னொன்று வானம் மூடிக்கொண்டால் வருகிற லீவு. அதை யாரும் அச்சடிப்பதில்லை. தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள் ஆபீஸ் வாசல்வரை போய், போர்மேன் முகத்தைப் பார்த்து, நனைந்தபடி திரும்பி வருவார்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். இந்த லீவுக்குச் சம்பளம் உண்டா என்று கேட்டால் சிரிப்பார்கள். பீஸ் ரேட்டுக்காரனுக்கு உட்கார்ந்த நாள் போன நாள்தான்.

சிவகாசியின் தொழில் வரலாற்றை எல்லாரும் வெயிலை வைத்தே எழுதிவிட்டார்கள். மழை நாளில் அடுப்பில் என்ன இருந்தது என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும் என்பது என் கட்சி.

வெயில் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரிசல் காடு, வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கம்பும் சோளமும் பருத்தியும் மிளகாயும் தவிர வேறு எதையும் நம்ப முடியாத பூமி. 1922-ல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மறு வருஷம் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துத் தொழிலைத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளிலேயே இயந்திரத்தைவிட ஆள்கையே மலிவு என்று தெரிந்துபோயிற்று. அதே 1923-ல் ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனி பெரிய இயந்திரங்களோடு இந்தியாவில் இறங்கியது. அதை எதிர்த்து நிற்க எங்கள் ஊரிடம் இருந்தது வெயிலும், சும்மா கிடந்த கைகளும்தான். 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை வந்ததும் சரக்கு வெளியே போக வழி பிறந்தது. 1940-ன் வெடிபொருள் விதிகள் லைசென்ஸ் முறையைக் கொண்டுவந்தன. யுத்தத்தால் வெளிநாட்டுப் பட்டாசு வருவதும் நின்றது. தீப்பெட்டிக்கு வாங்கிய மருந்தை வைத்தே பட்டாசுக்குள் நுழைந்தார்கள்.

எங்கள் அய்யா கம்பி மத்தாப்புப் பிரிவில் இருந்தவர். மத்தாப்பு எப்படி ஆகிறது என்று தெரிந்தால் மழை ஏன் எதிரி என்பது புரியும். வரிசையாகக் கம்பிகளைச் சட்டத்தில் மாட்டி, குழம்புப் பதத்தில் கரைத்த மருந்தில் மொத்தமாக முக்கி எடுப்பார்கள். அந்தக் காலத்தில் பேரியம் நைட்ரேட், அலுமினியப் பொடி, இரும்புத்தூள், இவற்றை ஒட்டவைக்க மாவுச்சத்துப் பசை. ஒரு முக்கில் காரியம் முடியாது. முக்கி, வெயிலில் நிறுத்தி, காய்ந்தபின் மறுபடி முக்கி, மறுபடி காயவைக்க வேண்டும். இரண்டாவது முக்குக்குள் வானம் இருட்டினால் சட்டம் சட்டமாக உள்ளே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். காயாத மருந்து கம்பியில் வழிந்து அடியில் குண்டாகத் திரண்டுவிடும். அதை எவனும் வாங்க மாட்டான்.

சரக்கு கெடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடேறும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தண்ணீர் தீயை அணைக்கும் என்பது உலகம் பூராவும் சொல்கிற நியாயம். பட்டாசுக்காரன் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகப்படுவான். சித்திரை வைகாசிக் கோடைமழையில் இடி மின்னல் வேறு. மேகம் கூடினால் கலந்த மருந்தை மிச்சம் வைக்காதே, கதவைத் திறந்து போட்டு வெளியே வா என்பதுதான் அய்யாவுக்கு அவருடைய போர்மேன் சொல்லிக்கொடுத்த பாடம். ஆக, மழை லீவு யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. வேலை பார்க்கவே முடியாத நாளுக்கு வைத்த பெயர், அவ்வளவுதான்.

அம்மா வீட்டில் பெட்டி ஒட்டினாள். அப்போது தெருவில் ஒட்டாத வீடு கிடையாது. மெல்லிய மரச்சீவலை வரி பிடித்து மடித்து, நீலக் காகிதம் சுற்றி, மேல்பெட்டி ஒருத்தி, அடிப்பெட்டி ஒருத்தி. கணக்கு குரோஸில்: 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். பசைக்கு மாவு. மரவள்ளிக்கிழங்கு மாவு, அது கிடைக்காதபோது மைதா. தண்ணீர் கொதித்ததும் கரைத்த மாவை விட்டுக் கிண்டி, மயில்துத்தத்தைப் பொடித்துப் போடுவாள். கரப்பானும் எலியும் பெட்டியைக் கடிக்காமலிருக்க அந்த விஷம். வெள்ளை மாவு மெல்ல நீலம் பாரித்து வரும். பிள்ளைகள் பக்கத்தில் வந்தால் அகப்பைக் காம்பாலேயே அடி விழும். ஆனால் மயில்துத்தம் போடுவதற்கு முன்னால், அடுப்பில் தண்ணீர் வைப்பதற்கும் முன்னால், மைதாவில் ஒரு கிண்ணம் தனியாகப் போய்விடும். மழை லீவு அன்று அந்தக் கிண்ணம்தான் வீட்டுக்குச் சாப்பாடு. நீர்க்கக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டு, ஓரம் முறுகலாக மைதா தோசை. கருப்பட்டி இருந்தால் சிறுசுகளுக்கு இனிப்பாக ஒன்று. மழையில் சீவலும் ஒட்டாது, பசையும் காயாது, ஆகவே அம்மாவுக்கும் லீவு. வீட்டில் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சூடாகச் சாப்பிட்ட நாட்கள் பெரும்பாலும் கூலி வராத நாட்கள்தான்.

கம்பங்காட்டுக்குள் இந்த மாவு எப்படி வந்தது? எங்கள் ஆச்சிக்குக் கோதுமை தெரியாது. கம்மங்கூழும் சோளச்சோறும் அவளுக்குத் தினசரி. நெல்லுச்சோறு தீபாவளி பொங்கலுக்கு. பர்மா அரிசி தூத்துக்குடிக்குக் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த காலத்தில் அரிசி கொஞ்சம் எட்டுகிற விலைக்கு வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அரிசி நின்றது. அங்கே கடை வைத்திருந்த, கூலிக்குப் போயிருந்த தமிழர்கள் அரக்கான் மலையிலும் அஸ்ஸாம் காட்டிலும் நடந்து திரும்பினார்கள். ரேஷன் வந்தது, ரேஷனோடு கோதுமையும் வந்தது. வாங்கினவர்கள் அதைச் சோறு மாதிரி வேகவைத்துப் பார்த்துத் திட்டியிருக்கிறார்கள். 1956-ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டபிறகு கோதுமை மூட்டைகள் குவிந்தன. அதே வருஷம்தான் விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்து பள்ளிக்கூட மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1960-களின் அரிசிப் பஞ்சத்தில் கோதுமை சாப்பிடுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. சொன்னவர்களுக்கு 1967 தேர்தலில் என்ன நடந்தது என்பது தனிக் கதை. அரிசி திரும்பி வந்த பிறகும் மாவு போகவில்லை. ஒட்டுவதற்கும் ஆகும், உண்பதற்கும் ஆகும் என்கிற பண்டத்தை எங்கள் ஊர் விடுமா?

அந்த மாவைப் பெரிய மனுஷன் ஆக்கியது விருதுநகர். விருதுபட்டி என்று இருந்து 1923-ல் பேர் மாறிய ஊர். மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றுக்கும் விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்ன என்று பேப்பரில் தேடிப் படிப்பார்கள். செக்கும் எண்ணெய் மில்லும் நிறைந்த ஊரில் பரோட்டாவைக் கல்லில் லேசாகத் தடவிச் சுட்டால் மரியாதையாக இருக்குமா? உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, நடுவில் பள்ளம் விழுந்த பெரிய கல்லில் எண்ணெயை ஊற்றி, அதில் மிதக்கவிட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். நொறுக்கிப் போட்டு மேலே சால்னாவை ஊற்றினால் அது மொறுமொறுப்பும் ஊறலுமாக இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஊரில் பேர்போன ஒரு கடைக்கு பர்மா கடை என்றே பெயர். மழை பெய்கிற சாயங்காலம் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அய்யா கையில் காசு இருந்த மழை லீவில் சிவகாசியிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு எங்களுக்கும் பார்சல் கட்டி வருவார். சால்னா தனி, பரோட்டா தனி. ஒன்றாகக் கட்டினால் வீடு வருவதற்குள் கூழாகிவிடும் என்பதில் அவர் கறார்.

நான் ஆப்செட் மெஷின் மெக்கானிக். சிவகாசி அச்சாபீஸ்களில் ஹைடல்பெர்க் என்பது ஜெர்மனியில் ஒரு ஊர்ப் பேர் என்று தெரியாமலே அந்த எழுத்துகளைத் துடைத்து வளர்ந்த கூட்டம் நாங்கள். இப்போது அந்த ஊர்ப் பக்கம்தான் குடியிருக்கிறேன். இங்கே மழைக்கு யாரும் லீவு விடுவதில்லை. விட்டால் வருஷத்தில் பாதி ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைகளெல்லாம் அடைப்பு. அப்படி ஒரு மழை ஞாயிறில் அரிசி தீர்ந்துபோய், வீட்டில் இருந்தது மாவும் முட்டையும். பையில் 405 என்று எண் போட்டிருக்கும் மாவு. நூறு கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்பது அந்த எண். நமக்கு அது மைதா. மாடியில் குடியிருக்கும் பொலோஞ்ஞா ஊர்க்கார இத்தாலியப் பாட்டி ஒருநாள் செய்துகாட்டிய கணக்குப்படி நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. பரோட்டா மாஸ்டர் மாதிரி உள்ளங்கை அடியால் தள்ளித் தள்ளிப் பிசைந்தேன். பாட்டி பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள். ஈரத்துணி மூடி அரைமணி நேரம் ஊறவிட்டு, திரட்டி, சுருட்டி, கத்தியால் விரல் அகலத்துக்கு அரிந்து உதறினால் நாடா நாடாவாகப் பாஸ்தா.

உதறிக் கொடியில் போட்டேன், காயவில்லை. ஜன்னலுக்கு வெளியே அந்த மழை. அப்போதுதான் மத்தாப்புச் சட்டம் ஞாபகம் வந்தது. பிறகு விசாரித்தால் இத்தாலிக்காரர்களின் சமையலே இந்த ஈரக் கணக்கில்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. வடக்கே பனிமூட்டமும் ஈரமும். அங்கே மெல்லிய மாவில் முட்டை போட்டு அன்றன்றைக்குப் பிசைந்து அன்றன்றைக்கே தின்று தீர்ப்பது. தெற்கே வெயிலும் கடற்காற்றும். அங்கே ரவையாக உடைத்த கெட்டிக் கோதுமையைத் தண்ணீரில் பிசைந்து, காயவைத்து, கப்பல் ஏற்றுவது. சிசிலியில் பலெர்மோவுக்குக் கிழக்கே திராபியா என்கிற ஊரில் நூல்மாவு ஏராளமாகச் செய்து பல தேசத்துக்கும் அனுப்புகிறார்கள் என்று அல்-இத்ரீசி 1154-லேயே எழுதிவைத்திருக்கிறார். நேப்பிள்ஸ் பக்கத்து கிராஞ்ஞானோவில் தெருவையே வெயிலுக்கும் காற்றுக்கும் தோதாகப் போட்டு, இரண்டு ஓரமும் கழி நட்டு மக்ரோனியைக் கொடிகொடியாகக் காயவிட்டார்கள். வானத்தைப் பார்த்து உள்ளே எடுக்கவும் வெளியே போடவும் அங்கேயும் அனுபவஸ்தர்கள் இருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் உலர்த்தும் இயந்திரம் வந்து அவர்களை வானத்திடமிருந்து விடுவித்தது. கோதுமைக்கு அது சாத்தியம்; மருந்துக்குச் சூடான அறையை நம்பி வைக்க எங்கள் ஊரில் தைரியம் வரவில்லை, வராததும் நல்லதுதான்.

அன்றைக்கு நான் செய்தது வடக்கத்திப் பாஸ்தா. காயத் தேவையில்லை, ஈரமாகவே கொதிநீரில் போட்டால் மூன்று நிமிஷம். குழம்புக்கு மட்டும் பொலோஞ்ஞாவை விட்டுவிட்டேன். நல்லெண்ணெயில் பூண்டு, ஊரிலிருந்து வந்த வத்தலைக் கிள்ளிப் போட்டு, தக்காளி சுண்ட வதக்கி, கொஞ்சம் சால்னா மசால். பாட்டிக்கு ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டு, தண்ணீர் கேட்டாள்; தட்டைத் திருப்பித் தரவில்லை.

ராத்திரி அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் இருபது வருஷமாகச் சரம் பின்னியவள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடுத்தபிறகு ஆபீஸ்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. பின்னல் வேலை கையைவிட்டுப் போயிற்று. இப்போது பெட்டிக்குள் வெடி அடுக்குகிறாள். என்ன சாப்பிட்டாய் என்றாள். விவரமாகச் சொன்னேன்.

“மைதாவுல முட்டையா? தோசையா ஊத்திருக்கலாமுல்ல தம்பி, அரைமணி நேரம் மிச்சம்.”

“அங்க மழையாக்கா?”

“காலையிலருந்து ஊத்துது. லீவுதான். முன்னயெல்லாம் மழைக்கு மட்டும் லீவு விட்டானுக, இப்ப கோர்ட்டுக்கும் சேத்து விடுறானுக. ரெண்டுக்கும் கூலி ஒண்ணுதான்.”